கந்தையருக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

1

நேற்று அந்த வீடியோ மறுபடியும் எனக்கே வந்தது. என் வீட்டுப் பின்வளவில் நான் எடுத்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டது. அது புங்குடுதீவுக்குப் போய், அங்கிருந்து பாரிஸுக்குப் போய், ரொறன்ரோவில் யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு நாதஸ்வரம் சேர்த்திருக்கிறார். 'வாயில்லா ஜீவனின் தாகம் தீர்த்த தீவகத்துத் தாய்' என்று மஞ்சள் எழுத்தில் தலைப்பும் போட்டாயிற்று. கீழே ஒரு வரி: பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும். நான் அனுப்பவில்லை. எனக்கு வரவேண்டிய செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது.

வீடியோவில் இருப்பவர் என் அக்கா பவளம். ஊரில், மடத்துவெளியில் தனியாக, நாலைந்து ஆடுகளோடு இருப்பவர். இந்தக் கோடையில் விசிட்டர் விசாவில் எங்களிடம் அடிலெய்டுக்கு வந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கோலா உட்கார்ந்திருக்கிறது. அக்கா பித்தளைச் செம்பை உயர்த்தி அதன் வாய்க்குள் தண்ணீர் ஊற்றுகிறார். அது குடிக்கிறது. அவ்வளவுதான் வீடியோ. பார்த்தவர்கள் எல்லோரும் கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோலாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் கேட்டார்கள். புளியங்கூடலில் இருக்கும் என் மச்சான் யோகன் கேட்டவைதான் அதிகம். அவன் ஓய்வுபெற்ற பிறகு கேள்வி கேட்பதையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டவன். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் வாசிப்பதில்லை. ஆகவே அவன் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இப்படி எழுதச் சொன்னது அக்கா. ஏன் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. “மச்சான், உது கரடிதானே?”

இல்லை. கங்காருவுக்குத்தான் சொந்தம். வயிற்றில் பை உண்டு. அவரைக்கொட்டை அளவில் பிறக்கும் குட்டி அந்தப் பைக்குள் போய்க் கிடந்து வளரும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இந்த வீட்டை வாங்கி வந்த புதிதில், காலையில் வேலைக்குப் புறப்படும்போது பின்வளவு யூகலிப்டஸ் மரத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடிவந்து கதவைப் பூட்டிவிட்டு உள்ளூராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு என்று எல்லாம் முடிந்து ஒரு பெண் வந்தாள். “என் மரத்தில் கரடி ஏறிவிட்டது” என்றேன். அவள் மிகவும் பொறுமையாக, “ஐயா, இந்த நாட்டுக் காடுகளில் கரடியே இல்லை” என்றாள். “இப்போது இருக்கிறது” என்றேன். அந்தக் கதையை என் மகள் ஆரணி தன் சிநேகிதிகளுக்கு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். என்னைப் பற்றி அவள் வெளியே சொல்லும் ஒரே கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள். சனி ஞாயிறுகளில், காயப்பட்ட காட்டு விலங்குகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் டெபி என்ற பெண்மணிக்கு உதவிக்குப் போவாள். எங்களோடு அவள் பேசும் மொழியை நான் 'ம்' மொழி என்பேன். சாப்பிட்டியா? ம். பஸ் பிடிச்சியா? ம். கோயிலுக்கு வாறியா? ம்ஹூம். சிறுவயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். எழுத்துகள் தலைக்குள் ஏறுவதற்கு முன்னரே நீச்சல் வகுப்பு வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலும் மரியாதைச் சொல் கிடையாது. அவளுக்கு உலகத்தில் எல்லோரும் 'நீ'தான்.

அக்கா வருகிறார் என்றபோது என் மனதில் ஒரு களவான ஆசை இருந்தது. எங்களோடு பேசாத பிள்ளை மாமியோடாவது பேசட்டும். பேசவேண்டும் என்றால் தமிழில்தான் பேசவேண்டும், ஏனென்றால் அக்காவுக்கு ஆங்கிலம் 'தாங்க்யூ'வோடு சரி. சொந்த அக்காவை ரியூஷன் வாத்தியாராக இறக்குமதி செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

3. “அதுக்கு மனுசர் மாதிரிக் கைரேகை இருக்காமே, உண்மையோ?”

உண்மை. விரலில் சுழியும் கோடும் எங்களுக்கு இருப்பது போலவே இருக்குமாம். அக்காவுக்குத்தான் இல்லை.

கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுக்கப் போன இடத்தில் இயந்திரம் அக்காவின் விரல்களை ஏற்க மறுத்துவிட்டது. வைக்கச் சொன்னார்கள், எடுக்கச் சொன்னார்கள், ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார்கள். கிணற்றுக் கயிறும் பனையோலையும் சேர்ந்து எப்போதோ எல்லாவற்றையும் தேய்த்துவிட்டன. அன்று தொலைபேசியில் அக்கா சொன்னது:

“தம்பி, என்ரை கை என்ரை கைதான் எண்டு நம்புறாங்களில்லையடா. நாளைக்கும் வரட்டாம்.”

விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி. இவர் ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கணவன் இல்லை. பிள்ளை இல்லை. சம்பள வேலை இல்லை. நான் என்னென்னவோ யோசித்து, “அக்கா, நீங்கள் ஏன் ஊருக்குத் திரும்பிப் போவீங்கள்?” என்று கேட்டேன்.

“என்னடா கேள்வி? ஆடு நிக்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தினை நாளைக்குத் தண்ணி வைப்பாள்?”

அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். விசா வந்தது. ஆடுகளுக்காக விசா கொடுத்த அதிகாரி யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இங்கே விமான நிலையத்தில் சுங்கப் பிரிவினர் அக்காவின் பெட்டியைத் திறந்து, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு செம்பு. கவிழ்த்தார்கள், மோந்தார்கள், தட்டினார்கள். மண் ஒட்டவில்லை என்று திருப்திப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். “இங்கே கண்ணாடிக் கிளாஸ் இருக்குதே, இதை ஏன் காவிக்கொண்டு வந்தனீங்கள்?” என்று கேட்டாள் என் மனைவி. “எனக்கு அண்ணாந்து குடிச்சால்தான் மச்சாள் தாகம் அடங்கும்” என்றார் அக்கா.

4. “நாள் முழுக்க நித்திரையாம். இலையைத் திண்டு வெறியிலை கிடக்குதோ?”

யோகன் இதைக் கொஞ்சம் பொறாமையோடு கேட்டது போலத் தெரிந்தது. வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. யூகலிப்டஸ் இலையில் சத்துக் குறைவு, நஞ்சு அதிகம். மற்ற விலங்குகள் தொடாத இலை. அந்த நஞ்சை முறித்துச் செரிக்கவே அதன் உடம்பு படாத பாடு படுகிறது. மிச்சம் வைக்கச் சக்தி இல்லாதபடியால் நாளின் பெரும்பகுதி தூங்குகிறது. அதைச் சோம்பேறி என்பது, கோதுமை மாவில் பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலைக்குப் போய் வந்து மத்தியானம் சோபாவில் வாய் திறந்து கிடக்கும் என்னைச் சோம்பேறி என்பது போன்றது. என் மனைவி எங்கள் இருவரையுமே அப்படிச் சொல்வதுண்டு.

எங்கள் மரத்துக் கோலாவுக்கு அக்கா வந்த மறுநாளே பெயர் வைத்துவிட்டார். காதுக்கு வெளியே வெள்ளை மயிர் கற்றையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “எடேய், எங்கடை கந்தையற்றை காதெல்லோ!” என்றார். கந்தையர் ஊரில் எங்களுக்குத் தூரத்து உறவு. அவரும் சாப்பிட்டால் தூங்குவார், எழுந்தால் சாப்பிடுவார். அவருக்கும் நஞ்சு முறிக்கும் வேலை இருந்ததோ என்னவோ, பாவம், நாங்கள் விசாரிக்கவில்லை.

பெயர் ஆரணிக்குப் பிடித்துப்போயிற்று. காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பாள். முதலில் இரண்டு நிமிடம். பிறகு கோப்பித் தம்ளரோடு வந்தாள். பிறகு கதிரை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்தாள். குசினி யன்னல் வழியாக நான் ஒட்டுக் கேட்டதில் ஒன்று:

“மாமி, கந்தையருக்குக் குட்டி வந்தால், அம்மா என்ன குடுக்கும் தெரியுமா? முதல் பால். பிறகு... பீ.”

“சீ! என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“உண்மை. அம்மான்ரை பீ. ஸ்பெஷல். அதைச் சாப்பிட்டால்தான் குட்டி இலை சாப்பிட ஏலும். இல்லாட்டி இலை பொய்சன்.”

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப, நஞ்சைச் செமிக்கிற மருந்தைத் தாய் தன்ரை வயித்துக்குள்ளை வைச்சுக் குடுக்குது. சரிதானே. இதிலை என்ன அருவருப்பு? உனக்கு உன்ரை அப்பன் என்ன குடுத்தவன்?”

ஆரணி யோசிக்கவே இல்லை. “பாண்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கந்தையர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நான் யன்னலுக்குப் பின்னால் நின்று, இந்த நாட்டின் இலையைத் தின்ன என் பிள்ளைக்கு நான் எதைக் கொடுத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். உண்மையில் பாண்தான். விண்ணப்பம் நிரப்ப, மின்கட்டணத்துக்குச் சண்டை பிடிக்க, வைத்தியரிடம் என் வருத்தத்தைச் சொல்ல, எட்டு வயதிலிருந்தே அவள்தான் எனக்கு முன்னால் நின்று பேசினாள். எங்கள் வீட்டில் குட்டிதான் நஞ்சைச் செரித்துத் தாய் தகப்பனுக்கு ஊட்டியது. பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் பேசாமல் விட்டதற்குக் களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5. “கோலா தண்ணியே குடியாதாமே, பிறகெப்பிடிக் குடிச்சது?”

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும்.

இது பலரும் நம்புகிற விஷயம். நானும் நம்பினேன். இலையிலிருந்தே அதற்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மழை பெய்தால் மரத்தில் வழிகிற தண்ணீரை நக்கும். ஆனால் கடும் வெயிலில் இலையே காய்ந்துபோகும்போது தண்ணீர் தேடி இறங்கி வரும். சிறுநீரகம் பழுதான கோலாவுக்கும் தாகம் அடங்காதாம். எங்கள் பகுதிக் கோலாக்களில் அந்த வியாதி இருக்கிறது என்று ஆரணி பிறகு சொன்னாள்.

அன்று வடக்கிலிருந்து அனல் காற்று. வானொலியில் காட்டுத்தீ எச்சரிக்கை. நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது பின்வளவிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, ஓடி வா! கந்தையர் இறங்கிட்டார்.”

மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனாலும் அசையவில்லை. வாய் திறந்திருந்தது.

“உதுக்குத் தாகமடா.”

“கோலா தண்ணி குடியாது அக்கா. கோலா எண்ட பேருக்கே அதுதானாம் கருத்து.”

“தண்ணி குடியாத சீவன் எங்கையடா இருக்கு? நீ இஞ்சை வந்து படிச்சது உதுதானோ?”

அக்கா சொன்னது சரி. நான் சொன்னது பிழை. ஆனால் சரியும் பிழையும் அன்று ஒரே செம்பில்தான் கலந்தன.

அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து குந்தினார். கந்தையர் இரண்டு கைகளாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு வாயைக் கொண்டுபோனார். மனிதப் பிள்ளை பிடிப்பது போலவே இருந்தது அந்தப் பிடி. அக்கா செம்பைச் சட்டென்று மேலே இழுத்தார். ஏன் என்று எங்கள் ஊரவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. செம்பில் வாய் படக்கூடாது. வந்த விருந்தாளி என்றாலும் அண்ணாந்து குடிப்பார். குடிக்கக் கொடுக்கவும் வேண்டும், வாய் படவும் கூடாது. உவர்க் கிணறுகளுக்கு நடுவில் நல்ல தண்ணீருக்கு நடந்த சனம் நாங்கள். தண்ணீர் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்லுவோம். யாருக்குச் செம்பைக் கையில் கொடுத்தோம், யாருக்கு உயரத்தில் நின்று கையில் ஊற்றினோம் என்பதை அந்தப் பெருமைக்குள் சேர்ப்பதில்லை.

அக்காவின் கை பழகிய வேலையைச் செய்தது. ஒரு கையால் கந்தையரின் நாடியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் மேலேயிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினார். அவர் மடக் மடக்கென்று குடித்தார். “குடி ராசா, குடி” என்றார் அக்கா. நான் வீடியோ எடுத்தேன். நல்ல வெளிச்சம். குழுவில் போடுகிற அவசரத்தில் சீக்கிரமே நிறுத்தியும்விட்டேன்.

ஆகையால் அதற்குப் பிறகு கந்தையர் இருமியது வீடியோவில் இல்லை. இருமல் கேட்டதும் அக்காவின் முகம் மாறியது. வெயில் என்று நினைத்தேன். “உள்ளுக்கை வாங்கோ அக்கா, சுடுது” என்றேன். அவர் வரவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார்.

ஆரணி வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு வீடியோவைக் காட்டினேன். மாமி செய்த வேலையைப் பார் என்று. அவள் பார்த்தாள். போனை என் கையில் திருப்பித் தரவில்லை, மேசையில் போட்டாள். பிறகு ஆங்கிலத்தில், நான் இதுவரை கேட்காத ஒரு குரலில் கத்தினாள். கோலா தலையைக் குனிந்துதான் தண்ணீர் குடிக்கும். தலையை அண்ணாத்தி ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். போனால் சளிக்காய்ச்சல் பிடித்துச் செத்துப்போகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அப்பா, பாத்திரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பதுதானே, ஏன் எதையுமே கேட்க மாட்டீர்கள்?

அக்கா வாசலில் நின்றார். “என்னவாம் தம்பி?”

“புரைக்கேறியிருக்கும் எண்டு சொல்லுறாள்.”

ஆரணி ஒரு துவாயை எடுத்துக்கொண்டு போய்க் கந்தையரைச் சுற்றி, உடுப்புக் கூடைக்குள் வைத்துக் காருக்குத் தூக்கினாள். அக்கா பின்னாலேயே போனார்.

“நானும் வரட்டோ பிள்ளை?”

“வேண்டாம்.”

மகளின் தமிழில் அவ்வளவு தெளிவான ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

6. “அப்ப வீட்டிலையே வைச்சு வளர்க்க விடுவாங்களோ?”

மாட்டார்கள் யோகன். சும்மா ஒருவர் கோலா வளர்க்க முடியாது. காயப்பட்டதைப் பராமரிக்கவும் அனுமதி எடுத்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். டெபி அப்படிப்பட்டவர். கந்தையரை அவர் விலங்கு வைத்தியரிடம் கொண்டுபோய், மருந்தோடு தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பார்க்க ஆட்கள் போகக்கூடாது, பயந்துவிடும்.

ஆகவே எங்கள் வீடு ஆஸ்பத்திரி விறாந்தை மாதிரி ஆகிவிட்டது. ஆரணி டெபியிடம் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்துவாள். மாமிக்கு 'ம்' கூடக் கிடைக்கவில்லை. அக்கா காலையில் எழுந்து, வெறும் மரத்தடியில் போய் இருந்தார். பக்கத்துக் கதிரை காலியாகக் கிடந்தது. செம்பை அவர் தொடவில்லை. கண்ணாடிக் கிளாஸில் வாய் வைத்துக் குடித்தார், மருந்து குடிப்பது போல.

நான் பகிடி விட்டுப் பார்த்தேன். “கந்தையர் அங்கை ஏசிக்குள்ளை கிடக்கிறார் அக்கா. எங்களுக்கில்லாத வசதி.” அக்கா சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு ஐம்பது வருடமாகச் சிரித்துவரும் ஒரே ஆள் அவர்தான். அதுவும் நின்றால் நான் என்ன செய்ய?

இதற்கிடையில் குழுவில் புகழ்மாலை. சுவிஸிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து இருவர். கோயில் திருவிழா மலருக்குப் படம் கேட்டு ஒருவர். அக்காவின் போன் டிங் டிங் என்று அடித்தபடியே இருந்தது.

“தம்பி, உதை அழிச்சுவிடு.”

“என்னிலை இருந்து அழிச்சனான் அக்கா. மற்றவையளிட்டை இருக்கிறது போகாது.”

“ஊத்தினதும் அப்பிடித்தான்” என்றார் அக்கா.

7. யோகன் கேட்காத கேள்வி

ஒரு பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரணி மேசையில் போனை வைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெபியின் குரல். சுற்றி வளைக்கவில்லை. கந்தையர் மத்தியானம் செத்துப்போயிற்று. சிறுநீரகமும் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை, ஆனால் அதோடு இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கும். நுரையீரல் நிரம்பியிருந்தது. அதுதான் கொண்டுபோனது. உன் மாமி மேல் கோபிக்காதே கண்ணே, நிறையப் பேர் இதே பிழையைச் செய்கிறார்கள், அன்பினால்தான் செய்கிறார்கள்.

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். தேநீரில் சீனி போட்டுக் கலக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அப்பா, கிட்னிக்குத் தமிழ் என்ன?”

“கிட்னிதான்.”

“பழுதான கிட்னி?”

“கிட்னி பழுது.”

உதடுகளை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தேநீரைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். அது அவள் தனக்கு ஊற்றிய தேநீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவின் கையில் கொடுத்து, காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தாள். யன்னல் திறந்திருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“மாமி. கந்தையர் செத்தது.”

அக்கா கோப்பையை மடியில் இறக்கினார்.

“தண்ணியாலை இல்லை. கிட்னி பழுது. முந்தியே வருத்தம். அதாலைதான் தாகம் வந்தது. டாக்டர் சொன்னது. நீ குடுத்த தண்ணி... அது நல்லது. கடைசியிலை தாகம் இல்லாமல் போனது.”

எங்கள் வீட்டில் இத்தனை வருடங்களில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான தமிழ் அதுதான். முழுக்கவும் பொய். அல்லது, டெபி சொன்ன சிறுநீரகத்தைக் கணக்கில் எடுத்தால் முக்கால்வாசிப் பொய். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததில் ஒரு நன்மை, மனைவி வந்து பார்த்தபோது நான் எதுவும் விளக்கவேண்டி வரவில்லை.

“அப்பிடியோ மோனை” என்றார் அக்கா. அவளுடைய தலையைத் தடவினார். தேநீரை ஆறவிட்டுக் குடித்தார்.

மறுநாள் காலையில் மரத்தடியில் ஒரு அகலமான தட்டுச் சட்டி இருந்தது. தண்ணீருக்குள் ஒரு தடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஓணான் மாதிரிச் சின்னச் சீவன்கள் விழுந்தால் ஏறி வெளியே வர. அக்கா ஊருக்குப் போகும்வரை இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் அதைக் கழுவித் தண்ணீர் மாற்றினார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் ஒட்டுக் கேட்கவில்லை. சரி, ஒன்றிரண்டு தடவை கேட்டேன். “நீ ஊருக்குப் போனால் ஆட்டுக்கு நான் ஹலோ சொன்னது எண்டு சொல்லு” என்று ஆரணி சொன்னாள். “அதுக்கு இங்கிலிசு விளங்காது பிள்ளை” என்றார் அக்கா.

8

விமான நிலையத்துக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆரணிக்குப் பரீட்சை. வீட்டு வாசலிலேயே மாமியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பெட்டியில் செம்பு இல்லை. ஆரணிக்கு விட்டுவிட்டு வந்தாராம்.

பாதி வழியில் அக்கா சொன்னார்:

“தம்பி, நீ எழுதுற ஆள்தானே. உதை எழுது.”

“எதை?”

“நான் ஊத்தினதை. அண்ணாத்தி ஊத்தினா அது செத்துப்போகும் எண்டு வடிவா எழுது. எங்கடை சனம் பிள்ளையளிட்டை எண்டு உந்த நாட்டுக்கு வந்துகொண்டுதானே இருக்கு. வீடியோவைப் பாத்திட்டு எல்லாரும் செம்போடை வெளிக்கிடப் போகினம்.”

நான் வீதியைப் பார்த்தபடி, “அது கிட்னியாலை எண்டெல்லோ பிள்ளை சொன்னவள்” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அக்கா சிரித்தார். நாட்கள் கழித்து வந்த சிரிப்பு.

“எடேய், எத்தினை ஆட்டுக்கு மருந்து பருக்கியிருப்பன். புரைக்கேறின சீவன் எப்பிடி இருமும் எண்டு எனக்குத் தெரியாதே? அது இருமேக்கையே தெரியும், முடிஞ்சுது எண்டு. ஆட்டுக்கெண்டா இப்பிடி ஊத்தியிருப்பனே? அதின்ரை கையைப் பாத்து ஏமாந்துபோனன். மனுசக் கை மாதிரிக் கிடந்துது. மனுசருக்குக் குடுக்கிற மாதிரிக் குடுத்திட்டன்.” கார் யன்னல் பக்கம் திரும்பி, “வாயை வைச்சுக் குடியெண்டு செம்பை விட்டிருந்தா இருந்திருக்கும். செம்பைத்தானே பிறகு மினுக்கலாம்” என்றார்.

“பிறகு ஏன் அக்கா அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? பிள்ளை சொல் சொல்லாய்ப் பொறுக்கி, எவ்வளவு கஷ்டப்பட்டுத் தமிழிலை சொன்னது. நான் 'பொய்' எண்டு சொன்னா, இனி ஒருக்கால் வாயைத் திறப்பாளே?”

விமான நிலையம் வந்துவிட்டது. பெட்டியை இறக்கினேன். உள்ளே போகுமுன் அக்கா திரும்பி, “அவள் பொய் சொன்னதை எழுதிப்போடாதை, கண்டியோ” என்றார். “ஓம்” என்றேன்.

நான் அக்காவுக்குக் கொடுத்த வாக்குகளில் காப்பாற்றாதது இது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. சொன்னால் அக்கா அடுத்த பக்கத்தில் மறுப்பு எழுதுவார்.

ஆகவே ஊரவர்களே, கோலாவைக் கண்டால் அண்ணாத்தி ஊற்றாதீர்கள். அகலமான சட்டியில் தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அது தன்பாட்டில் வாய் வைத்துக் குடிக்கும். மாலையில் கடற்கரைப் பக்கம் அக்காவைக் கண்டால் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டாலும் கிட்னி என்றுதான் சொல்லுவார்.

செம்பு இப்போது ஆரணியின் மேசையில் இருக்கிறது. அவள் அதில் வாய் வைத்துத்தான் குடிக்கிறாள். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்கு வீடியோ அழைப்பு எடுத்து, மரத்தடிச் சட்டியைக் காட்டுகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆடுகளைக் காட்டுகிறார்கள். மரத்துக்கு இன்னும் புதிதாக யாரும் குடிவரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுதுறது அப்பா?”

“கோலாவைப் பற்றி.”

“கரடி எண்டு எழுதாதே” என்றாள்.

பிறகும் கொஞ்ச நேரம் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, அதற்காக எனக்குக் கவலையாக இருக்கவில்லை.